வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்றால் குடும்பம் என்ன செய்யலாம்?

பெரியவர்களுக்கு வருவது பெரும்பாலும் இரண்டாம் வகை. ரத்தத்துச் சர்க்கரையை உடலுக்குள் அனுப்பும் சாவிதான் இன்சுலின்; அது சுரந்தாலும் உடல் அதற்குச் சரியாக இணங்காது. சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிடும். துருப்பிடித்த பூட்டு மாதிரி: சாவி இருந்தும் எளிதில் திறக்காது. நடந்தால் பூட்டு கொஞ்சம் இளகும்.

டாக்டரைப் பார்ப்பது எப்போதோ கால்மணி நேரம். மீதியெல்லாம் நம் சமையலறையில்தான். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பக்கம், ஞாயிறு மதியம் எல்லோரும் பிரியாணி சாப்பிட, அப்பாவுக்கு மட்டும் வெறும் கீரை என்றால் எத்தனை நாள் தாங்குவார்? எல்லார் தட்டிலும் சோற்றைக் குறைத்துப் பருப்பு, காய்கறியைக் கூட்டுங்கள். அப்புறம் அவரோடு நடங்கள். தினமும் உள்ளங்காலைப் பாருங்கள். சர்க்கரை நோயால் மரத்த காலில் முள் குத்தினாலும் அவருக்குத் தெரியாது.

இதைப் பேரப்பிள்ளைகள்கூடத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, சர்க்கரை பார்க்கும் மீட்டர் 4-க்குக் (mmol/L அளவில்) கீழே காட்டினால், உடனே 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 10177-க்கு அழைத்து ஆம்புலன்ஸ் வரவழையுங்கள்.

சர்க்கரைக்காரருக்குத் தனிச் சமையல் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அதே குழம்பு, அதே பொரியல்தான், அளவுதான் மாறும்.