பிரான்சில் தீவிர வலதுசாரிகள் 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கில் முதலிடம் பிடித்தும் ஆட்சிக்கு வராதது ஏன்?

காரணம் தேர்தல் முறை. 1986-இல் விகிதாசார முறையில் (வாக்கு விகிதத்துக்கேற்ப இடங்கள்) தேர்தல் நடந்தபோது, தீவிர வலதுசாரிக் கட்சியான தேசிய முன்னணி சுமார் 9.6% வாக்குக்கு 35 இடங்கள் வென்றது. 1988-இல் பழைய இரு சுற்று முறை திரும்பியது. ஏறக்குறைய அதே வாக்கு, கிடைத்தது ஒரே ஒரு இடம்!

முதல் சுற்றில் யாருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லையென்றால் முதல் இருவர் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். அவர்களோடு, பதிவு பெற்ற வாக்காளர்களில் 12.5% பேரின் வாக்கைப் பெற்றவர்களும் போகலாம். பதிவான வாக்கில் 12.5% என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். பாதிப் பேர்தான் வாக்களித்தார்கள் என்றால் பதிவானதில் 25% தேவை. வாக்குப்பதிவு கூடினால் வரம்பு தளரும், மும்முனைப் போட்டிகள் பெருகும்.

2024-இல் அதுதான் நடந்தது. மும்முனைப் போட்டி வாக்குகளைப் பிரித்து, முன்னணியில் இருப்பவருக்கே சாதகமாகும். அதைத் தடுக்க இடதுசாரிகளும் அதிபர் மக்ரோனின் அணியினருமாக 200-க்கும் மேற்பட்டோர் போட்டியிலிருந்து விலகினார்கள். முதல் சுற்றில் கூட்டாளிகளோடு சுமார் 33% வாங்கிய தேசியப் பேரணி (தேசிய முன்னணியின் இப்போதைய பெயர்), 577-இல் 143 இடங்களோடு மூன்றாமிடத்துக்கு இறங்கியது.

ஆனால் இந்தத் தடுப்பு நிரந்தரமானதல்ல. அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் 2002-இல் இந்தக் கட்சியின் வேட்பாளர் அப்பா லெ பென் வாங்கியது சுமார் 18%. 2022-இல் மகள் மரீன் வாங்கியது 41%.