ஸ்ட்ரட் பார் போட்டால் கார் வளைவில் ஆடாதா?

கேள்வி: என்னிடம் 2013 ஸ்விஃப்ட் டீசல் இருக்கிறது. அடிக்கடி குடும்பத்தோடு கொல்லிமலை போவோம், அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் முன்பக்கம் ஒரு மாதிரி ஆடுகிறது. முன்னால் ஒரு ஸ்ட்ரட் பார் (இடது, வலது சஸ்பென்ஷன்களின் மேல்முனைகளைக் குறுக்கே கட்டும் கம்பி), பின்னால் ஒன்று, அடியில் ஒன்று என மூன்றையும் மாட்டினால் ரேஸ் கார் மாதிரி ஆகிவிடும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? (வாசகர், நாமக்கல்)

பதில்: இப்போதைக்குக் காசைச் செலவழிக்காதீர்கள். கொண்டை ஊசி வளைவில் முதல் கியரிலோ இரண்டாவதிலோதான் திரும்புவீர்கள், அந்த வேகத்தில் பாடி முறுக்கிக்கொள்வதே கொஞ்சம்தான், அதில் ஒரு கம்பி எவ்வளவு மிச்சம் பிடித்தது என்று ஸ்டீயரிங்கில் தெரியவே தெரியாது. பத்து வருஷம் தாண்டிய காரின் முன்பக்கம் ஆடினால் நான் முதலில் பார்ப்பது லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர் கசிவு, ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட், அப்புறம் டயர். வண்டி ஒரு பக்கம் சாய்வதைத்தான் ஆட்டம் என்கிறீர்களா? அப்படியானால் ஸ்ட்ரட் பாருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, சாய்வைக் குறைப்பது ஸ்பிரிங்கும், இரண்டு பக்கச் சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைக்கும் ஆன்ட்டி ரோல் பார் என்ற முறுக்குக் கம்பியும்.

பார் என்பதே ஏமாற்று வேலையா என்றால், இல்லை. சஸ்பென்ஷன் ஒழுங்காக வேலை செய்ய அதைத் தாங்கும் பாடி அசையாமல் நிற்க வேண்டும், பாடியே நெளிந்தால் வீல் அலைன்மென்ட் கோணங்கள் ஓட்டத்திலேயே மாறும். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டில், வளைவின் பக்கவாட்டு விசையில் ஒரு பங்கு மேல் மவுண்ட்டுக்குப் போகிறது, அதனால்தான் இரண்டு பக்கத்தையும் ஒரு கம்பியால் கட்டுகிறார்கள். ஆனால் உங்களுடையது போன்ற காரில் அந்த மவுண்ட்டுகள் உட்காரும் இரண்டு மேடைகளும் கண்ணாடிக்குக் கீழே உள்ள தகட்டோடு ஏற்கெனவே பிணைந்துதான் இருக்கின்றன.

கூரையில்லாத கார் என்றால் கதையே வேறு. மூடி எடுத்த அட்டைப்பெட்டி எப்படி முறுக்கும், அதேதான். 1989-இல் வந்த மஸ்டா மியாட்டாவுக்கு, 1994-இல் 1.8 லிட்டர் இன்ஜின் வைத்தபோது கம்பெனியே பாடியை இறுக்கும் கூடுதல் பிரேஸ்களைச் சேர்த்தது. அந்தக் காரின் அடியில் ஓடும் மெல்லிய ரெயில்கள் ஜாக்கி வைத்தாலே நசுங்கும், அதன் மேல் பொருத்துகிற கெட்டியான ரெயில்களை உரிமையாளர்கள் தேடி வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

எப்படியும் வாங்குவேன் என்றால் நேரான கம்பியும் தடித்த தகடும் உள்ளதாகப் பாருங்கள். இன்ஜின் மேல் வளைத்துப் போகும் மெல்லிய பளபளப்புக் குழாய், விசை வந்தால் தானே வளையும். பானெட் மூடும்போது இடிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரேலி கார்களில் பாடி இணைப்புகளை முழுக்க வெல்டிங் செய்கிறார்களே, என் காருக்கும் பட்டறையில் செய்யலாமா? (வாசகர், கோவை)

பதில்: வேண்டவே வேண்டாம். அவர்கள் வண்டியைக் கழற்றி வெறும் கூடாக்கி, பெயின்ட்டைச் சுரண்டி, தையல் போல விட்டு விட்டு வெல்டிங் வைக்கிறார்கள், கூடவே, வண்டி உருண்டால் ஆளைக் காக்கும் குழாய்க் கூண்டான ரோல் கேஜும் வருகிறது. புதிய கார்களில் இருக்கும் உயர் வலிமை எஃகு சூடுபட்டால் பலம் இழக்கும், உள்பக்கத் துருக்காப்பும் எரிந்துபோகும், விபத்தில் மடங்க வேண்டிய இடம் மடங்காமல் போகலாம். ரோல் கேஜை ரோட்டுக் காரில் போடுவதும் தப்பு, ஹெல்மெட் இல்லாத தலை அந்தக் குழாயில்தான் போய் மோதும்.

கேள்வி: ஆர்டிஓ பிடிப்பார்களா? (அதே வாசகர்)

பதில்: ஆர்சியில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. போல்ட்டில் மாட்டிக் கழற்றுகிற பார் ஒன்று, சேஸியை வெட்டி ஒட்டுவது வேறு. எதைச் செய்தாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.