மூச்சை மெதுவாக விட்டால் மனம் ஏன் அடங்குகிறது?

மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரைகிறது, விடும்போது தணிகிறது. இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடி, மூச்சு வெளியேறும் நேரத்தில் கூடுவதே காரணம். மூளையிலிருந்து வயிறு வரை போகும் இந்த நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை உடலின் செய்தியை மூளைக்குக் கொண்டுபோகின்றன. அதனால்தான் உடல் வழியே மனதைத் தொட முடிகிறது.

சவாசனத்தில் படுத்து, ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கு வழியாக 4 விநாடி இழுத்து, 6 விநாடி விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு, 5 நிமிடம் போதும். கை மேலெழுவதையும் தாழ்வதையும் மட்டும் கவனியுங்கள். உடலுக்குள் எழும் உணர்வுகளைப் பதிவு செய்யும் இன்சுலா என்ற மூளைப்பகுதிக்கு இதுவே பயிற்சி.

பலரும் தவறுவது ஒரே இடத்தில்: ஆழமாக இழுக்க வேண்டும் என்று முக்கி இழுப்பார்கள். கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி, விரல் நுனி மரத்து, தலை சுற்றும். அப்படி ஆனால் எண்ணுவதை விட்டு, இயல்பான மூச்சுக்குத் திரும்புங்கள். ஆசனத்திலும் இதே கணக்குதான். மூச்சு திணறினால் உடலை நீட்டுவதைக் குறைத்துவிடுங்கள்.