திருகோணமலை வெயிலுக்கும் கச்சான் காற்றுக்கும் தொங்கு சாடியில் எந்தப் பூக்கன்று நிற்கும்?

உங்கள் கேள்வி இதுதான்: உப்புவெளியில் வீடு, விறாந்தையில் தொங்கவிட்ட பிட்டூனியா சித்திரை முடியமுன்னமே வாடிவிடுகிறது, நாளும் தண்ணீர் விட்டும் பயனில்லை, வழிந்து தொங்கிப் பூக்கிற வேறு கன்று இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் கன்றை மாற்றமுதல் சாடியை மாற்றுங்கள். வழக்கமாக விற்கிற 8 அங்குலத் தொங்கு சாடி மூன்று லீற்றர் கலவைதான் பிடிக்கும். கச்சான் அடிக்கிற நாளில் அது மதியத்துக்குள் காய்ந்துவிடும். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வெறுமையாக இறங்கி வருகிற காற்று அது. வெயிலோடு சேர்ந்து அதுவும் இலையின் ஈரத்தை உறிஞ்சும். 12 அங்குலச் சாடி 8 முதல் 10 லீற்றர் வரை பிடிக்கும். அதற்குக் குறைந்து போகாதீர்கள். நிறம் வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ இருக்கட்டும். நேர் வெயிலில் கறுப்புச் சாடிக்குள் வெப்பம் 40 பாகையைத் தாண்டும், சாடியை ஒட்டிய வேர்கள் வெந்துபோகும்.

நனைந்த சாடி 10 கிலோ வரை வரும். கடற்காற்றில் சாதாரணக் கம்பியும் கொழுக்கியும் கறள் பிடித்து ஒருநாள் அறுந்து விழும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொழுக்கியும் சங்கிலியும் போடுங்கள். நைலோன் கயிறு வெயிலில் உக்கி நொறுங்கும். தும்புப் பாய் விரித்த கம்பிக் கூடை பார்க்க அழகு, ஆனால் எல்லாப் பக்கமும் காயும். கூடு கட்ட அணிலும் தும்பைப் பிய்த்துக்கொண்டு போகும். அதுதான் வேண்டுமென்றால் உட்பக்கத்தில் பொலித்தீன் விரித்து அடியில் ஐந்தாறு துளை போடுங்கள்.

கலவை இது: தும்புத்தூள் 4 பங்கு, நன்றாக உக்கிய கூட்டெரு 3 பங்கு, உமிக்கரி 2 பங்கு, ஆற்று மணல் 1 பங்கு. கடல் மணல் ஒரு பிடிகூடக் கூடாது. தும்புத்தூளை அப்படியே போடுவதுதான் பலர் விடுகிற பிழை. அதிலும் உப்பு இருக்கிறது. நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, வடிகிற நீரின் தேயிலைச் சாய நிறம் வெளிறும்வரை மூன்று நான்கு தரம் கழுவுங்கள். சாடியின் அடியில் இரண்டு மூன்று துண்டு தேங்காய்ப் பொச்சு வைத்தால் கொஞ்சம் ஈரம் பிடித்து வைத்திருக்கும்.

இனிக் கன்று. முதலாவது பத்துமணிப்பூ. ஊசியிலை, தட்டையிலை என்று இரண்டு உண்டு. தட்டையிலைதான் நன்றாகத் தொங்கும். 3 அங்குலத் துண்டுகளாக வெட்டி, அரைநாள் நிழலில் வெட்டுவாயை ஆறவிட்டு, ஒரு சாடிக்கு 8 முதல் 10 துண்டு ஊன்றுங்கள். ஏழு பத்து நாளில் வேர் பிடிக்கும். நாலு விரல் உயர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விட்டு வழியும். இதற்கு 6 மணி நேர நேர்வெயில் வேண்டும். குறைந்தால் தண்டுதான் நீளும். ஒன்றை யோசித்து வாங்குங்கள்: பூ காலை ஒன்பது பத்துக்கு விரிந்து பின்னேரம் சுருங்கிவிடும். காலையில் வேலைக்குப் போய் ஐந்து மணிக்கு வருகிறவர் ஞாயிற்றுக்கிழமைதான் அதைப் பார்ப்பார்.

அப்படியானவர்களுக்கு ரசலியாவைத்தான் சொல்வேன். சவுக்கிலை போன்ற மெல்லிய பச்சைத் தண்டுகள் வளைந்து இரண்டு மூன்று அடிக்குத் தொங்கும். நுனியெல்லாம் சிவப்புக் குழல் பூக்கள் நாள் முழுக்க நிற்கும். தேன்சிட்டு தேடி வரும். காற்றையும் உப்பையும் இதுபோலத் தாங்குவது அரிது. வேர் கூடியது என்பதால் 14 அங்குலச் சாடி கொடுங்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரித்து நடுங்கள்.

ஊதாப் பூ பூக்கிற படரும் உண்ணிச்செடியும் நல்லது. வேலியோரம் புதராக மண்டுகிற உண்ணியல்ல, அதன் இனத்தது. ஆடு மாடு எட்டாத இடத்தில் தொங்கவிடுங்கள், அவற்றுக்கு நஞ்சு. பட்டிப்பூவிலும் படரும் இனத்து விதை விற்கிறார்கள். வெயிலுக்கு அஞ்சாது, மழைக்குத்தான் அஞ்சும். கடதாசிப்பூ முள் உள்ளது, நடக்கிற வழிக்கு மேலே வேண்டாம். பெரிய சாடியில் மதில்மேல் வைத்து வெளியே வழியவிடுங்கள். அடம்பன் கொடி வெயிலுக்கு நிற்கிறதே என்று கடற்கரையிலிருந்து பிடுங்கி வராதீர்கள். அது ஆழ வேரோடிப் பல யார் தூரம் படர்கிற கொடி, சாடிக்குள் அடங்காது. அங்கே மணலைப் பிடித்து வைத்திருப்பதும் அதுதான்.

வீட்டின் கிழக்குப் பக்கம் தொங்கவிடுவது உத்தமம். காலை வெயில் கிடைக்கும், தென்மேற்கிலிருந்து வருகிற கச்சானை வீடே மறைக்கும். கோட்டைப் பக்கம் மான் உலாவுகிற தெருவென்றால் தொங்கும் நுனி ஆறடிக்கு மேலே இருக்கட்டும், பத்துமணிப்பூவை மொட்டையாக்கிவிடும்.

தண்ணீர் காலை ஏழு மணிக்கு முன்னம், அடித்துளையால் வடியும்வரை. 12 அங்குலச் சாடிக்கு ஒன்றரை இரண்டு லீற்றர் போகும். பின்னேரம் சாடியைக் கையால் ஏந்திப் பாருங்கள், பாரம் குறைந்திருந்தால் மட்டும் இன்னொரு தரம். மதியம் இலை சோர்ந்து, மண்ணைத் தொட்டால் ஈரமாக இருந்தால் ஊற்றாதீர்கள். அது சூட்டுச் சோர்வு, வெயில் இறங்க நிமிரும். அந்த நேரம் ஊற்றி ஊற்றித்தான் கன்றுகள் வேரழுகிச் சாகின்றன. ஒருமுறை முற்றாகக் காய்ந்த தும்புத்தூள் சுருங்கிச் சாடியை விட்டு விலகும். பிறகு விடுகிற தண்ணீர் ஓரத்தால் ஓடிவிடும், நடு நனையாது. நாளும் ஊற்றியும் உங்கள் பிட்டூனியா வாட இதுவும் காரணமாக இருக்கலாம். சாடியை இறக்கி, ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம், குமிழி நிற்கும்வரை அமிழ்த்தி எடுங்கள்.

கிணற்று நீர் நாவில் உவர்த்தால் அதுவும் ஒரு காரணம். இலையோரம் தீய்ந்ததுபோலக் கருகி, சாடி விளிம்பில் வெள்ளைப் படை கட்டும். கிழமைக்கு ஒருமுறை குழாய் நீரையோ சேமித்த மழை நீரையோ இருமடங்கு விட்டுக் கழுவுங்கள். பசளைக்கு, அல்பேட் கலவை என்கிற நீரில் கரையும் பசளைத்தூள் லீற்றருக்கு 1 கிராம், 10 நாளுக்கு ஒருமுறை, ஈரமான மண்ணில் மட்டும். யூரியா வேண்டாம், இலைதான் வரும்.

தண்டின் கணுக்களில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில துளி பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். அடித்தட்டு வைத்தவர்கள் அதில் தேங்கும் நீரை நாளும் கொட்ட வேண்டும், டெங்கு நுளம்புக்கு அது போதும்.

ஒக்டோபர் நடுவில் பத்துமணிப்பூவையும் பட்டிப்பூவையும் கூரைக்குக் கீழே எடுங்கள். மாரி மழையில் இரண்டும் அழுகும். பிட்டூனியாவை விட மனமில்லை என்றால் அதற்கும் காலம் இருக்கிறது. நவம்பரில் மழை படாத இடத்தில் விதையை மண்ணால் மூடாமல் தூவுங்கள், முளைக்க வெளிச்சம் வேண்டும். பெப்ரவரியில் பூக்கும், சித்திரை வரை நிற்கும். இரவிலும் வெக்கை தணியாத நாள் தொடங்கியதும் அதை எடுத்துவிட்டு அதே சாடியில் பத்துமணிப்பூத் துண்டுகளை ஊன்றுங்கள்.