எதைச் சேமிப்பது, எதைத் திறந்து வைப்பது: கேள்வி பதில்

ஒலிநாடாக்கள், கையெழுத்துப் பிரதிகள், குடும்பக் கடிதங்கள் ஆகியவற்றை மின்வடிவத்துக்கு மாற்றி, வரிசைப்படுத்திக் காப்பதுதான் என் வேலை. வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் முட்டி நிற்கின்றன: ஒன்றைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அதை எல்லோருக்கும் காட்டித்தான் ஆக வேண்டுமா? கட்டாயம் இல்லை. காப்பது ஒரு முடிவு, காட்டுவது வேறு முடிவு. முதலாவதைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டாவதற்கு அவசரமே இல்லை.

கேள்வி: பாட்டி பாடிய பாட்டுகளும் சொன்ன கதைகளும் பழைய கேசட்டுகளில் இருக்கின்றன. வீட்டில் டேப் ரெக்கார்டரும் இருக்கிறது. போட்டுக் கேட்கலாமா அக்கா?

கொஞ்சம் பொறுங்கள். நாடா வெளியே தெரியும் விளிம்புக்கு எதிர் விளிம்பைப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் சின்னப் பிளாஸ்டிக் தகடு ஒன்று இருக்கும், பக்கத்துக்கு ஒன்றாக. அவை இரண்டையும் உடைத்துவிடுங்கள். அதன் பிறகு கைதவறி ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் பாட்டியின் குரல் மேல் எதுவும் பதிவாகாது. அடுத்து, கேசட்டின் கண்ணாடி வழியாக உள்ளே பாருங்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தால் ஓட்டவே வேண்டாம், இந்த வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். நாடா நன்றாக இருந்தாலும், போனால் போகட்டும் என்று விடக்கூடிய வேறொரு கேசட்டை முதலில் ஓட்டிப் பாருங்கள். பல வருடம் சும்மா கிடந்த இயந்திரம் நாடாவை இழுத்துச் சுருட்டிவிடும்.

பதிவு செய்யும்போது, ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் கோப்பாக, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2 ஜிபி ஆகும். ஆகட்டும். உறவினர்களுக்கு அனுப்ப அதிலிருந்து, சுருக்கிய சின்னக் கோப்பான எம்பி3 எடுத்துக்கொள்ளலாம். இரைச்சலை நீக்குவதையும் பிரதியில் மட்டும் செய்யுங்கள். பின்னால் கேட்கும் இருமல், கதவுச் சத்தம், நடுவில் ஒரு குழந்தை கேட்கும் கேள்வி எல்லாமே அந்தப் பதிவின் பகுதிதான். கேசட் அட்டையில் யாரோ பேனாவால் எழுதிய தேதியையும் பெயரையும் படம் எடுத்து வைக்க மறக்காதீர்கள். யார் பாடியது, எப்போது பாடியது என்று தெரியாத பதிவு பாதிப் பதிவுதான்.

கேள்வி: அதே மாதிரி ஒரு பதிவில், பக்கத்து வீட்டுக் குடும்பச் சண்டை பற்றியும் என் அத்தை பேசியிருக்கிறார். அத்தை இப்போது இல்லை. இணையத்தில் ஏற்றலாமா?

அந்தப் பகுதியை ஏற்றாதீர்கள். அத்தை தன் கதையைச் சொல்ல ஒப்புக்கொண்டார், சரி. பக்கத்து வீட்டுக்காரர் எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லையே! வாய்மொழிப் பதிவுகளில் அதிகம் மறக்கப்படுபவர் இந்த மூன்றாம் ஆள்தான். அதற்காக அழிக்கவும் வேண்டாம். முழுப் பதிவை அப்படியே பத்திரப்படுத்துங்கள். பொதுப் பிரதியில் அந்த நிமிடங்களை வெட்டி, வெட்டிய இடத்தில் ‘இங்கே ஒரு பகுதி நீக்கப்பட்டுள்ளது’ என்று எழுதுங்கள். சொல்லாமல் வெட்டினால் கேட்பவர்கள் அதையே முழுசு என்று நம்பிவிடுவார்கள்.

எவ்வளவு காலம் மூடி வைப்பது என்பதற்கு அரசாங்கங்களின் வழக்கமே ஓர் அளவுகோல். தனிநபர் விவரம் உள்ள மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களை அமெரிக்கா 72 ஆண்டுகள் கழித்துத் திறக்கிறது. 1950இல் எடுத்ததை 2022இல்தான் வெளியிட்டார்கள். இங்கிலாந்தில் 100 ஆண்டுகள். சம்பந்தப்பட்டவர்களின் வாழ்நாள் பெரும்பாலும் முடிந்திருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. நீங்களும் ஒரு வருடத்தைக் குறித்து, கோப்பின் விவரக் குறிப்பிலேயே எழுதி வையுங்கள். மனசில் மட்டும் வைத்திருந்தால் உங்களுக்குப் பின்னால் வருபவருக்கு எப்படித் தெரியும்?

கேள்வி: பெரியவர்களைப் பேட்டி எடுக்கிறோம். ‘நீங்கள் இருக்கும்வரை யாருக்கும் காட்ட மாட்டோம்’ என்று உறுதி சொல்லலாமா?

உங்களால் காப்பாற்ற முடிகிற உறுதியை மட்டும் சொல்லுங்கள். வட அயர்லாந்து மோதல்களில் பங்கெடுத்தவர்களைப் பேட்டி கண்டு, அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி ஒரு தொகுப்பு வைத்திருந்தது. பேசியவர்கள், தாங்கள் உயிரோடு இருக்கும்வரை அது வெளிவராது என்று நம்பிப் பேசியிருந்தார்கள். 2011இல் ஒரு கொலை விசாரணைக்காக அந்த ஒலிப்பதிவுகளைக் கேட்டு நீதிமன்றம் வழியாக ஆணை வந்தது. வழக்காடிப் பார்த்தும் சில பதிவுகளைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆகவே ஒப்புதல் படிவத்தில் ‘சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு’ என்ற வரி இருக்கட்டும். அதை வாயாலும் விளக்கிச் சொல்லுங்கள். கையெழுத்து வாங்கியதோடு வேலை முடிந்ததாகவும் நினைக்காதீர்கள். பதிவைத் திரும்பப் போட்டுக் காட்டி, ‘இதில் எது வேண்டாம்?’ என்று கேட்டால்தான் அது உண்மையான ஒப்புதல். பேசும் வேகத்தில் யாருக்குமே தான் என்ன சொன்னோம் என்று முழுசாக நினைவிருக்காது.

கேள்வி: மறக்கப்படும் உரிமை என்கிறார்களே. ஆளாளுக்குத் தங்களைப் பற்றிய செய்திகளை அழிக்கச் சொன்னால் வரலாறு என்ன ஆகும்?

நியாயமான பயம்தான். ஆனால் அந்த உரிமைக்கு அடித்தளம் போட்ட வழக்கில் எதுவுமே அழிக்கப்படவில்லை. 1998இல் ஸ்பெயினின் ஒரு நாளிதழில், கடனுக்காக ஒருவரின் சொத்து ஏலத்துக்கு வந்த அறிவிப்பு வெளியானது. கடன் தீர்ந்து பல ஆண்டுகள் ஆன பிறகும், கூகுளில் அவர் பெயரைத் தேடினால் அந்த அறிவிப்பே வந்து நின்றது. 2014இல் ஐரோப்பிய நீதிமன்றம், பெயரைத் தேடும்போது வரும் முடிவிலிருந்து அந்த இணைப்பை எடுக்கத் தேடுபொறிக்கு உத்தரவிட்டது. நாளிதழின் பக்கம் நாளிதழிலேயே இருந்தது.

பின்னால் வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், அழிக்கக் கோரும் உரிமையிலிருந்து பொதுநலனுக்கான ஆவணக் காப்புக்கு விலக்கு தருகிறது. காப்பகத்துக்கு வந்து தேடுபவருக்குக் கிடைக்கட்டும், பெயரைத் தட்டுகிற எல்லோர் முகத்திலும் வந்து விழ வேண்டாம். இந்த வித்தியாசம் எனக்கு மிக நல்லதாகப் படுகிறது. ஒரு தனிமனிதரின் பழைய கடனுக்கு இது பொருந்தும். அதிகாரத்தில் இருந்தவர்கள் தங்கள் செயல்களை மறைக்க இதைக் கேட்டால், ஒப்புக்கொள்ளவே கூடாது.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் தலைமுறையாக வரும் மருந்து முறைகள் இருக்கின்றன. வெளியிட்டால் திருடிவிடுவார்கள், வெளியிடாவிட்டால் அழிந்துவிடும். என்னதான் செய்வது?

இதற்கு நேரான பதில் கிடையாது. முதலில் மஞ்சள் விஷயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மஞ்சளைக் காயத்துக்குப் போடும் முறைக்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை (பேட்டன்ட்) கொடுத்தார்கள். இந்தியாவின் அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் எதிர்த்தது, 1997இல் அது ரத்தானது. எதை வைத்து ஜெயித்தார்கள்? ஏற்கெனவே எழுதி வெளியான நூல்களையும் கட்டுரைகளையும் வைத்து. ‘எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்’ என்று வாயால் சொல்லியிருந்தால் அங்கே எடுபட்டிருக்காது. அந்த அனுபவத்தில் 2001இல் தொடங்கியதுதான் பாரம்பரிய அறிவுக்கான மின்நூலகம். ஆயுர்வேத, சித்த, யுனானி நூல்களில் உள்ள மருந்து முறைகளை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் மாற்றி வைத்தார்கள். அதையும் பொதுவில் விரித்துப் போடாமல், ஒப்பந்தம் செய்த காப்புரிமை அலுவலகங்கள் மட்டும் பார்க்கும்படி வைத்தார்கள்.

ஆனால் அது அச்சிலும் சுவடியிலும் ஏற்கெனவே இருந்த அறிவு. உங்களுடையது குடும்பத்தோடு இருக்கும் அறிவு என்றால் கதை வேறு. வெளியிட்ட அறிவுக்கு இன்னொருவர் காப்புரிமை வாங்குவது கடினம், அது உண்மை. ஆனால் அதை எடுத்துப் பொருள் செய்து விற்பதையும், உங்களுக்கு ஒன்றும் தராமல் இருப்பதையும் வெளியீடு தடுக்காது. கேரளத்தின் காணிப் பழங்குடி மக்கள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து ஒரு மருந்து உருவானது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணி மக்களுக்கு என்று ஏற்பாடானது. உலகம் முழுவதும் முன்மாதிரியாகப் பேசப்பட்ட ஏற்பாடு அது. அதிலும்கூட, தங்களைக் கேட்காமல் அறிவைக் கொடுத்துவிட்டதாகக் காணி வைத்தியர்கள் சிலர் மனம் வருந்தினார்கள். யார் சார்பில் யார் ‘சரி’ சொல்வது என்ற கேள்வி முதலிலேயே தீர்க்கப்பட வேண்டும்.

என் யோசனை இதுதான். இப்போதே முழுசாக எழுதுங்கள், தேதி போடுங்கள், குடும்பத்தில் இருவரிடம் பிரதி இருக்கட்டும். வெளியே கொடுப்பதை எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். மருந்தை யாருக்குக் கொடுத்தோம், அவருக்கு என்ன நோய் என்ற குறிப்புகள் அதே நோட்டில் இருந்தால் அவற்றைத் தனியே பிரியுங்கள். மருந்து உங்கள் குடும்பத்துடையது, நோய் அவருடையது.

கேள்வி: எல்லா அறிவும் எல்லோருக்கும் திறந்திருப்பதுதானே ஜனநாயகம்?

அரசாங்கக் கோப்புகளுக்கு அப்படித்தான். அங்கே மறைப்பவர்தான் காரணம் சொல்ல வேண்டும். ஒரு சமூகம் தனக்குள் வைத்திருக்கும் சடங்குப் பாட்டுக்கும் அதே விதியைப் போட முடியாது. ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு பழங்குடியினரிடம் சில படங்களைப் பெண்கள் மட்டும் பார்க்கலாம், சிலவற்றை ஆண்கள் மட்டும், சிலவற்றைக் குறிப்பிட்ட குடும்பத்தார் மட்டும். இறந்தவரின் படத்தைக் காட்டுவதற்கும் முறை உண்டு. அவர்களோடு சேர்ந்து உருவான முகுர்ட்டு என்ற காப்பக மென்பொருளில் இந்த விதிகளையே அணுகல் விதிகளாக வைத்திருக்கிறார்கள். இன்று அது இலவசமாகக் கிடைக்கிறது. சின்னக் குழுக்கள் பார்க்க வேண்டியது.

கேள்வி: நூற்றுக்கணக்கான மணி நேரப் பேச்சுப் பதிவு இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் சேவையில் ஏற்றினால் எழுத்தாக்கித் தருமே?

தரும். ஏற்றிய ஒலியை அவர்கள் வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்று விதிமுறையில் படித்தீர்களா? பேசியவர்கள் அதற்கும் சம்மதித்தார்களா? நியூசிலாந்தில் தே ஹிக்கு மீடியா என்ற மாவோரி வானொலி அமைப்பு, மக்களைத் திரட்டிப் பத்தே நாளில் 300 மணி நேரத்துக்கு மேல் வாசிப்புப் பதிவு சேர்த்து, தங்கள் மொழிப் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருளைத் தாங்களே உருவாக்கியது. தரவை வெளி நிறுவனங்களுக்குக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். அவ்வளவு பெரிதாக நம்மால் செய்ய முடியாவிட்டாலும், சொந்தக் கணினிக்குள்ளேயே இயங்கும் எழுத்தாக்க மென்பொருள்கள் இருக்கின்றன. மெதுவாக ஓடும், பிழையும் விடும், ஆனால் ஒலி வெளியே போகாது.

கேள்வி: பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் இப்போது கிறுக்கலாகத் தெரிகின்றன. யுனிகோடுக்கு மாற்றினால் போதுமா?

மாற்றுங்கள், ஆனால் பழைய கோப்பையும் எழுத்துருக் கோப்பையும் தூக்கிப் போடாதீர்கள். மாற்றிய பிறகு தேடிச் சரிபார்க்க ஓர் இடம் சொல்கிறேன். பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரத்தின் கடைசிக் குறிக்கும் ‘ள’ எழுத்துக்கும் ஒரே விசைதான். அதனால் மாற்றிகள் ‘கௌரவம்’ என்பதை ‘கெளரவம்’ ஆக்கிவிடும். கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும், தேடினால் அகப்படாது.

கேள்வி: எல்லாவற்றையும் ஆன்லைனில் ஒரே கணக்கில் வைத்திருக்கிறேன். அது போதாதா?

போதாது. மைஸ்பேஸ் என்ற சமூக ஊடகத் தளம் சர்வர் மாற்றும்போது, 2016க்கு முன் ஏற்றிய பாடல்களை எல்லாம் இழந்துவிட்டதாக 2019இல் தெரியவந்தது. பிரேசில் தேசிய அருங்காட்சியகம் 2018இல் எரிந்தபோது, அங்கிருந்த பழங்குடி மொழி ஒலிப்பதிவுகளும் போயின. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். கூடவே, கடவுச்சொல் தெரிந்த இன்னொருவர்.