ஆப்பிரிக்க நாடுகளின் ராணுவத் தளவாடங்களும் வீரர்களும் தரத்தில் மட்டமா?

கேள்வி கேட்டவர் 2025 ஜனவரியில் காங்கோவின் கோமா நகரம் எம்23 கிளர்ச்சிக்காரர்களிடம் விழுந்ததைச் சொல்லி, தென்னாப்பிரிக்கா போன்ற நாட்டின் படையே முகாமுக்குள் முடங்கியதே, அப்படியானால் அந்தக் கண்டத்தில் ஆயுதமும் சரியில்லை, ஆட்களும் சரியில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா என்கிறார். ஏற்கெனவே வந்த பதில்களில் பாதி "ஆமாம், அவர்களுக்குச் சண்டை போடத் தெரியாது" என்கின்றன. மீதிப் பாதி "எல்லாம் ரஷ்யாவின் பழைய இரும்பு" என்கின்றன.

இரண்டையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ராணுவ வரலாறு படிப்பது என் பொழுதுபோக்கு, நிபுணன் எல்லாம் இல்லை. ஆனால் படித்தவரையில் அங்கே படைகள் சரிந்த கதைகளைத் தோண்டினால், துப்பாக்கியும் தைரியமும் கடைசியில்தான் வருகின்றன. சம்பளம் யார் கைக்குப் போனது, உதிரிபாகத்துக்கு யார் கையெழுத்துப் போடவில்லை, தன் தளபதியைப் பார்த்து அதிபர் எவ்வளவு பயந்தார் என்பவைதான் முதலில் வருகின்றன.

முதலில் ஒன்று. 54 நாடுகளை ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். எகிப்திடம் ஆயிரத்துக்கு மேல் ஏப்ரம்ஸ் டாங்கிகள் இருக்கின்றன. அல்ஜீரியாவிடம் சுகோய்-30, மொராக்கோவிடம் எஃப்-16. அவற்றை விட்டுவிட்டு, மற்றவர்கள் கேலி செய்யும், சஹாராவுக்குத் தெற்கே உள்ள பகுதிக்கே வருகிறேன்.

தளவாடத்தை எடுத்துக்கொண்டால், கண்ணிவெடிக்குத் தாங்கும் வண்டியை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்ததே தெற்கு ஆப்பிரிக்காதான். ரொடீசியாவிலும் (இன்றைய ஜிம்பாப்வே) நமீபிய எல்லையிலும் 1970களில் சாலையெல்லாம் கண்ணிவெடி. அடிப்பாகத்தைப் படகு மாதிரி கூராக வைத்தால் வெடிப்பின் வேகம் இரண்டு பக்கமும் சிதறிப் போகும், உள்ளே இருப்பவன் பிழைப்பான் என்று கண்டுபிடித்தார்கள். அப்படி வந்ததுதான் காஸ்பிர். இராக்கில் சாலையோரக் குண்டுகளில் சிப்பாய்களை வரிசையாகப் பறிகொடுத்த பிறகு, 2007இல் அமெரிக்கா அவசர அவசரமாக வாங்கிக் குவித்த கவச வண்டிகளில் பலவற்றின் பூர்வீகம் இதுவே. நம் ராணுவமும் காஷ்மீருக்கு காஸ்பிர் வாங்கியது, அதை ஒட்டித்தான் மேடக் தொழிற்சாலையில் ஆதித்யா வண்டியைச் செய்தார்கள்.

அதே தென்னாப்பிரிக்கா ஸ்வீடனிடமிருந்து 26 கிரிப்பன் போர்விமானங்கள் வாங்கியது. நல்ல விமானம். ஆனால் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்து, புதுப்பிக்கப் பணம் ஒதுக்காததால் 2021 செப்டம்பரிலிருந்து ஏறக்குறைய ஒரு வருடம் ஒன்றுகூடப் பறக்கவில்லை. விமானத்தின் தரத்தைக் குறை சொல்வதா, பைலட்டைக் குறை சொல்வதா? இரண்டும் நியாயமில்லை.

சரி, ஆட்களுக்கு வருவோம். இங்கே சாட் நாட்டுக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதம் முழுக்க அதற்குள் இருக்கிறது.

1986 முடியும்போது சாட் நாட்டின் வடபகுதி கடாஃபியின் லிபியப் படையிடம் இருந்தது. லிபியாவிடம் டி-55 டாங்கிகள், பிஎம்பி கவச வண்டிகள், பீரங்கி, விமானம் எல்லாம் உண்டு. சாட் ராணுவத்திடம் இருந்தது பெரும்பாலும் டொயோட்டா பிக்கப் வண்டிகள். பிரான்ஸ் மிலான் டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகளைக் கொடுத்திருந்தது, வானத்துக்கும் ஓரளவு காவல் நின்றது. அதுவரை லிபியாவுக்கு வழிகாட்டியாகவும் காலாட்படையாகவும் இருந்த உள்ளூர்ப் போராளிகள் கடாஃபியோடு சண்டை போட்டுக்கொண்டு அணி மாறிவிட்டார்கள். பாலைவனத்தில் கண்ணும் காதும் போன பிறகு டாங்கி இருந்து என்ன பிரயோஜனம்?

1987 ஜனவரி 2ஆம் தேதி ஹசன் ஜமூஸ் என்ற தளபதி ஃபடா என்ற பாலைவனச் சோலைமேல் பாய்ந்தார். டி-55 தன் பீரங்கிக் கூண்டைத் திருப்பிக் குறிபார்ப்பதற்குள் டொயோட்டா வேறு பக்கம் போயிருக்கும். பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும், கவசம் மெல்லிசாக இருக்கும் இடத்தில் அடித்தார்கள். கண்ணிவெடி வயல்களில்கூட வேகத்தைக் குறைக்காமல் ஓட்டினார்கள், மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் வெடி நமக்குப் பின்னால்தான் வெடிக்கும் என்பது அந்த டிரைவர்களின் கணக்கு. (யாரும் முயன்று பார்க்க வேண்டாம்.) அன்று லிபியா இழந்தது 784 பேர், 92 டாங்கிகள். சாட் இழந்தது 18 பேர், மூன்று டொயோட்டா.

மார்ச்சில் வாடி தூம் என்ற பெரிய விமானத்தளமும் விழுந்தது. பிடிபட்டவர்களில் ஒருவர் கர்னல் கலீஃபா ஹஃப்தார். இன்று கிழக்கு லிபியாவை ஆள்கிறாரே, அவரேதான். அங்கே லிபியர்கள் விட்டுவிட்டு ஓடிய எம்ஐ-25 ஹெலிகாப்டர் ஒன்றை, 1988இல் அமெரிக்கர்கள் சினூக் ஹெலிகாப்டரில் கட்டித் தொங்கவிட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். சோவியத் தளவாடம் ஒன்றும் ஓட்டை இல்லை, வல்லரசே ஆசைப்பட்டது!

இதுவரை பலர் சொல்வார்கள். இதற்கு அடுத்த பக்கத்தை யாரும் சொல்வதில்லை. வெற்றிக்குப் பிறகு இரண்டே வருடம். 1989 ஏப்ரலில் ஜமூஸ்மேல் அதிபர் ஹிசேன் ஹாப்ரேவுக்குச் சந்தேகம் வந்தது. ஆட்சிக் கவிழ்ப்பு சதி என்று துரத்திப் பிடித்தார்கள். அந்த மனிதர் உயிரோடு திரும்பவில்லை. அவரோடு தப்பி ஓடிய இத்ரிஸ் தெபி சூடானில் ஆள் சேர்த்து, 1990 டிசம்பரில் அதே டொயோட்டா பாணியில் வந்து ஹாப்ரேயையே துரத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கடாஃபியை ஓட ஓட விரட்டிய ராணுவம் அப்போது எங்கே போனது? ஆட்கள் அதே ஆட்கள், வண்டியும் அதே வண்டி. ஜெயித்துக் கொடுத்தவனை அதிபரே தீர்த்துக்கட்டினால், அடுத்தவன் யாருக்காக நின்று சண்டை போடுவான்?

அங்கே பல அதிபர்களுக்கு எல்லைக்கு அப்பால் இருக்கும் எதிரியைவிட, பக்கத்து பாரக்கில் இருக்கும் கர்னல்தான் பயம். அதனால் நல்ல ஆயுதமும் ஒழுங்கான சம்பளமும் அரண்மனைக் காவல் படைக்கு, அதுவும் பெரும்பாலும் தன் இனக்குழு ஆட்களுக்கு. மற்ற படைகளை வேண்டுமென்றே பட்டினி போட்டு வைப்பார்கள். பலவீனம் விபத்தாக வந்ததில்லை, திட்டமிட்டு வளர்த்தது.

இதன் உச்சம் சர்வாதிகாரி மொபுட்டுவின் ஸயர், இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு. 1993 ஜனவரியில் சிப்பாய்களுக்குச் சம்பளம் புத்தம் புதிய 50 லட்சம் ஸயர் நோட்டாகக் கொடுக்கப்பட்டது. பணவீக்கத்தால் வந்த நோட்டு. எதிர்க்கட்சியைச் சேர்ந்த பிரதமர் அது செல்லாது என்று அறிவித்துவிட்டார். சிப்பாய் நோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறான், கடைக்காரர் வாங்க மாட்டேன் என்கிறார். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், கையில் துப்பாக்கி இருக்கிறது. கின்ஷாசா சூறையாடப்பட்டது, அந்தக் கலவரத்தில் பிரெஞ்சுத் தூதரே குண்டடிபட்டு இறந்தார். இந்த ராணுவம்தான் 1996-97இல் கிளர்ச்சித் தலைவர் கபிலாவின் படை கிழக்கிலிருந்து கிளம்பியபோது ஏழே மாதத்தில் தலைநகரத்தைக் கொடுத்துவிட்டு ஓடியது. சண்டை போடத் தெரியாததாலா?

பின்னாளில் காங்கோ ராணுவத்தைச் சீர்திருத்த வந்த ஐரோப்பிய ஒன்றியக் குழு 2005க்குப் பிறகு எடுத்துக்கொண்ட பெரிய வேலை டாங்கிப் பயிற்சி கிடையாது. கைரேகை எடுத்துத் தலை எண்ணினார்கள், தளபதி வழியாகப் போய்க்கொண்டிருந்த சம்பளத்தைத் தளபதியிடமிருந்து பிரித்தார்கள். பட்டியலில் ஏகப்பட்ட பேய்ச் சிப்பாய்கள், அவர்கள் பெயரில் வந்த பணம் மேலதிகாரி பையில். இருக்கிற சிப்பாயின் சம்பளத்திலும் ஒரு பங்கு வழியிலேயே காணாமல் போகும். நம்ம ஊரில் நூறு நாள் வேலை அட்டையில் இறந்தவர் பெயர் இருந்ததாக வரும் செய்தி படித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இப்போது கேள்வியில் வந்த கோமாவுக்கு வருகிறேன். இந்த ஊர் 2012 நவம்பரிலும் எம்23 கையில் விழுந்தது. காங்கோ சிப்பாய்கள் ஓடினார்கள். ஐ.நா. அமைதிப்படை சுடாமல் நின்றது. அந்தப் பகுதி அமைதிப்படையில் பெரும் பங்கு நம் இந்திய வீரர்கள். அதற்காக இந்திய ராணுவம் மட்டம் என்று யாராவது எழுதுவோமா? "அவர்களுக்கு அப்படித்தான் உத்தரவு" என்போம். அந்தச் சலுகையை மற்றவர்களுக்கும் கொடுக்கலாம்.

ஒரு வருடம் கழித்து, 2013 நவம்பரில், அதே காங்கோ ராணுவம் அதே எம்23ஐ மலையிலிருந்து துரத்தியடித்தது. இடையில் என்ன மாறியது? ஆயுதம் விற்றதாக ஐ.நா. அறிக்கை குற்றம்சாட்டிய தரைப்படைத் தலைவரை நிறுத்திவைத்தார்கள் (பிறகு விசாரணையில் விடுவிக்கப்பட்டார், அது வேறு கதை). மமடு ந்தலா என்ற இளம் கர்னலை முன்னால் விட்டார்கள். தாக்கவே அனுமதி பெற்ற ஐ.நா. படைப்பிரிவு ஒன்று தென்னாப்பிரிக்கா, டான்சானியா, மலாவி வீரர்களோடு வந்தது. தென்னாப்பிரிக்கா சொந்தமாகச் செய்த ரூய்வால்க் ஹெலிகாப்டர் முதன்முறையாக அங்கேதான் போரில் சுட்டது. எம்23 ஆயுதப் போராட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. ந்தலாவை கோமா மக்கள் தோளில் தூக்காத குறை. இரண்டே மாதத்தில், 2014 ஜனவரி 2 அன்று, பெனி அருகே பதுங்கித் தாக்கிக் கொன்றார்கள். அந்த வழக்கில் மரண தண்டனை பெற்றவர்களில் அவர் ராணுவத்து அதிகாரியே ஒருவர்.

2025இல் கோமாவில் காங்கோவுக்குத் துணையாக நின்ற தென்னாப்பிரிக்கர்களுக்கு அந்த ஹெலிகாப்டர் துணை இல்லை. எதிரிக்குப் பின்னால் ருவாண்டாவின் வழக்கமான படை மூன்றாயிரம் முதல் நான்காயிரம் பேர் இருப்பதாக ஐ.நா. நிபுணர் குழு முந்தைய வருடமே மதிப்பிட்டிருந்தது. தென்னாப்பிரிக்காவின் பாதுகாப்புச் செலவு அதன் மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. வானத்தில் துணை இல்லாமல் அனுப்பியது தலைநகர் பிரிட்டோரியாவில் இருக்கும் அரசின் முடிவு. அங்கே செத்த 14 தென்னாப்பிரிக்க வீரர்களின் தரத்தை இதில் எப்படி அளப்பது?

நைஜீரியாவைச் சொல்லாமல் விட்டால் யாராவது கமெண்டில் கேட்பீர்கள். 2014 மே மாதம் சிபோக் பக்கமிருந்து திரும்பிய சிப்பாய்கள் இரவில் பயணம் வேண்டாம், விடியட்டும் என்றார்கள். கிளம்பு என்று உத்தரவு. வழியில் போகோ ஹராம் தீவிரவாத அமைப்பு பதுங்கித் தாக்கியது. மறுநாள் மைதுகுரி முகாமில் சிப்பாய்கள் சொந்த ஜெனரலின் வண்டியையே சுட்டார்கள். 12 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அந்த டிசம்பரில், ஆயுதம் இல்லாமல் போக மாட்டோம் என்ற இன்னும் 54 பேருக்கு. (பின்னாளில் சிறைத்தண்டனையாகக் குறைத்தார்கள்.) அடுத்த வருடமே, ஆயுதம் வாங்க வைத்த 210 கோடி டாலர் திசைமாறியதாக முன்னாள் பாதுகாப்பு ஆலோசகர்மேல் குற்றச்சாட்டு வந்தது, அவர் மறுத்தார். 2015 தொடக்கத்தில் தேர்தலை ஆறு வாரம் தள்ளிவைத்து, புதுத் தளவாடம் இறக்கி, தென்னாப்பிரிக்கக் கூலிப்படையினரை வைத்துப் பயிற்சி கொடுத்ததும், சாட், நைஜர் படைகளோடு சேர்ந்து இதே சிப்பாய்கள் ஊர் ஊராக மீட்டார்கள்.

பயிற்சியும் மோசம் என்பவர்களுக்கு ஒரு தகவல். நான் குன்னூர்க்காரன். வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜுக்குப் படிக்க வரும் ஆப்பிரிக்க அதிகாரிகள் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு மார்க்கெட்டில் பேரம் பேசுவது எங்களுக்குப் பழகிய காட்சி. நைஜீரிய அதிபர்களாக இருந்த ஒபசான்ஜோவும் புஹாரியும் அங்கே படித்தவர்கள். எத்தியோப்பியாவின் ஹரார் அகாதெமியையும் நைஜீரியாவின் கடூனா அகாதெமியையும் தொடங்கி வைத்ததே இந்திய அதிகாரிகள்தான். நம் அதிகாரிகள் படித்த பாடம்தான் அவர்களுக்கும். இன்னும் பின்னால் போனால், 1944இல் பர்மாவின் கலடான் பள்ளத்தாக்கில் ஜப்பானியரை எதிர்த்து, விமானம் போட்ட சாமானைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனது 81ஆவது மேற்கு ஆப்பிரிக்க டிவிஷன்.

"அப்போ ருவாண்டா மட்டும் எப்படி?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. மொசாம்பிக்கின் காபோ டெல்காடோவில் 2019இல் ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படை அங்குள்ள இஸ்லாமியத் தீவிரவாதிகளிடம் அடிவாங்கித் திரும்பியது. 2021 ஜூலையில் ருவாண்டா ஆயிரம் பேரை அனுப்பியது. அடுத்த மாதம் 8ஆம் தேதியே மொசிம்போவா த பிராயா துறைமுகத்தை மீட்டுவிட்டார்கள். பெரிய ஆயுதம் ஒன்றும் கொண்டு போகவில்லை. ஒழுங்கான சம்பளம், கண்டிப்பு, காலாட்படையாக நடந்து தேடும் பழக்கம் இருந்தன. ருவாண்டா அதிபர் ககாமே ஜனநாயகவாதி இல்லை, ஆனால் தன் படையைப் பட்டினி போட்டு வைக்கவும் இல்லை. அந்தச் செலவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் 2 கோடி யூரோ கொடுத்தது, 2024 நவம்பரில் இன்னொரு 2 கோடி. இரண்டாவது தவணைக்கு ஒப்புதல் கொடுத்தபோது அதே ருவாண்டாவின் வேறு சில ஆயிரம் சிப்பாய்கள் கோமாவைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். பெல்ஜியம் மட்டும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது.