கேளுங்கள், பதில் இதோ: வேல்ஸில் வயலுக்கும் பெயர் உண்டு

கேள்வி: வேல்ஸில் அபெரிஸ்ட்வித்தில் படிக்கிறேன். நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மா கெரெடிகியோன் (இந்த ஊர் இருக்கும் கவுண்டி, நம் மாவட்டம் மாதிரி) வரலாற்றுச் சங்கத்தில் உறுப்பினர். சொற்பொழிவு இருக்கிறது, வா வா என்று என்னையும் கூப்பிடுகிறார். ராஜா ராணி கதையா, இல்லை வயதானவர்கள் பொழுதுபோக்கக் கூடும் இடமா? போகலாமா?

பதில்: கண்டிப்பாகப் போங்கள். வயதானவர்கள் இருப்பார்கள்தான், அதனால் என்ன, அவர்களுக்குத்தானே எந்தப் பாதை எங்கே போனது என்று தெரியும்! 1909-இல் பழம்பொருள் ஆய்வுச் சங்கம் என்ற பாணியில் ஒரு பெயரோடு தொடங்கி, பிறகு வரலாற்றுச் சங்கமாகப் பெயர் மாறியது இது. சொற்பொழிவு, பழைய இடங்களைப் போய்ப் பார்ப்பது, ஆய்விதழ் என்று வேலை நடக்கிறது. 'கெரெடிகியோன்' என்கிற அந்த இதழ் 1950-இல் ஆரம்பித்தது, வெல்ஷ் மொழிக் கட்டுரைகளும் அதில் வரும்.

இன்னொரு விஷயம். கார்டிகன்ஷயர் என்பதுதான் முன்பு அதன் பெயர், அந்தக் கவுண்டியையே 1974-இல் நிர்வாகச் சீரமைப்பு என்று சொல்லி டவெட் என்ற பெரிய கவுண்டிக்குள் கரைத்துவிட்டார்கள். 1996-இல்தான் அது திரும்பி வந்து கெரெடிகியோன் ஆனது. கவுண்டி இல்லாத அந்த 22 வருடமும் சங்கம் இருந்தது, இதழும் வந்தது. அவர்களுடைய பெரிய வேலை என்றால் மூன்று தொகுதிகளாக வந்த கவுண்டி வரலாறு. முதல் தொகுதி 1994-இல் வந்தது, மூன்றாவது 1998-இல், இரண்டாவது 2019-இல்! அந்த இரண்டாவதில் வரும் இடைக்கால வரலாற்றை எழுதுவது அவ்வளவு கஷ்டம் போலிருக்கிறது. அவசரப்படாதவர்கள் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: (அதே வாசகி) வயல்களின் பழைய பெயர்களை ஒருவர் பட்டியல் போட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். வயல் பெயரில் என்ன வரலாறு இருக்கப்போகிறது?

பதில்: நிறைய இருக்கிறது. வேல்ஸில் உள்ளூர் வரலாற்று வேலையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குக் கொடுக்க வேண்டும் என்ற பழைய வழக்கம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்தது. தானியமும் கம்பளியுமாகக் கொடுத்துக்கொண்டிருந்ததை 1836-இல் ஒரு சட்டம் போட்டுப் பண வாடகையாக மாற்றினார்கள். யார் எவ்வளவு கட்டுவது என்று முடிவுசெய்ய ஊர் ஊராகப் போய் அளந்து வரைபடம் போட்டார்கள். வரைபடத்தில் ஒவ்வொரு வயலுக்கும் ஓர் எண். கூடவே ஒரு பதிவேடு. அதில் நிலத்துக்கு உரிமையாளர் யார், உழுபவர் யார், வயலின் பெயர் என்ன, உழவு நிலமா புல்வெளியா, பரப்பு எத்தனை ஏக்கர், எத்தனை ரூட், எத்தனை பெர்ச் என்று வரிசையாக இருக்கும் (40 பெர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஒரு ஏக்கர்).

இனிமேல்தான் சுவாரசியம். வெல்ஷில் வயலுக்கு 'கை' என்று பெயர், நம் கை மாதிரியேதான் உச்சரிக்க வேண்டும். 'கை ஃபனன்' என்றால் ஊற்று இருந்த வயல். 'கைர் ஒடின்' என்றால் சூளை வயல். இன்று அங்கே போனால் வெறும் புல்தான் இருக்கும், ஆனால் மூலையில் ஒரு மேடும் அதில் வெந்த கல் துண்டுகளும் கிடந்தால் சுண்ணாம்புச் சூளை இருந்த இடம் அதுவாகத்தான் இருக்கும். 'பாண்டி' என்று வந்தால் மதுரைப் பக்கம் யோசிக்காதீர்கள், நெய்த கம்பளித் துணியை நீரில் அடித்துக் கெட்டிப்படுத்தும் ஆலை அது. டோனிபாண்டி என்ற ஊர்ப் பெயரிலும் அந்த ஆலைதான் இருக்கிறது.

வேலிகளைப் பிடுங்கி நாலு வயலை ஒன்றாக்கினால் நாலு பெயரும் போயிற்று. பண்ணை கைமாறி வெல்ஷ் தெரியாதவர் வந்தாலும் போயிற்று. அதனால்தான் இந்தப் பட்டியல். ஆனால் பதிவேட்டை மட்டும் நம்ப முடியாது, வெல்ஷ் காதில் விழுந்தபடி எழுதிவைத்த எழுத்துப் பிழைகள் அதில் உண்டு. அந்தப் பண்ணையிலேயே வளர்ந்த ஒருவரோடு நடந்துபோய்க் கேட்டால்தான் சரியாக வரும். அப்போதும் வரைபடத்தை முதலில் நீட்டிவிடக் கூடாது, நீட்டினால் பெரியவர் அதைப் படித்துக் காட்டிவிட்டு நிறுத்திவிடுவார். முதலில் அவர் வாயால் வரட்டும், அப்புறம் பதிவேட்டோடு ஒப்பிடலாம். வரைபடங்களை வேல்ஸ் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. அந்த நூலகம் நீங்கள் இருக்கும் ஊரில்தான் குன்றின் மேல் நிற்கிறது, ஒருநாள் ஏறிப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: என் மருமகள் வேல்ஸ்காரப் பெண். அவளுடைய முப்பாட்டனார் பெயர் ஜான் ஜோன்ஸ், கெரெடிகியோனில் விவசாயி. இதை மட்டும் வைத்துக்கொண்டு ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: ஐயா, ஒரு கூட்டத்தில் 'ஜான் ஜோன்ஸ்' என்று கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்புகிற ஊர் அது! காரணம் இருக்கிறது. அங்கே பழைய வழக்கம் நம் இனிஷியல் மாதிரிதான், அப்பா பெயர்தான் அடையாளம், குடும்பப் பெயர் கிடையாது. 'ஆப்' என்றால் மகன். ஆப் ரீஸ் என்பது ஒட்டிப்போய் பிரைஸ் ஆனது, ஆப் ஹவெல் பவல் ஆனது, ஆப் எவன் பெவன் ஆனது. பிரிட்டனின் பொது மருத்துவ சேவையை 1948-இல் தொடங்கிவைத்த அமைச்சர் அனைரின் பெவன் பெயரிலும் அந்த 'ஆப்' ஒளிந்திருக்கிறது. பிறகு எல்லோரும் நிலையான குடும்பப் பெயருக்கு மாறியபோது புழக்கத்தில் இருந்த அப்பா பெயர்கள் கொஞ்சம்தான் என்பதால் ஜோன்ஸ், டேவிஸ், எவன்ஸ் என்று குவிந்துவிட்டது.

எனவே மனிதர் பெயரை விடுங்கள், பண்ணையின் பெயரைத் தேடுங்கள். மருமகளின் பாட்டி வீட்டில் பழைய பைபிள் இருந்தால் முதல் பக்கத்தைப் புரட்டச் சொல்லுங்கள், குடும்ப விவரத்தை அங்கே எழுதிவைத்திருக்கலாம். பண்ணை தெரிந்துவிட்டால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சரியான ஜானைப் பிடித்துவிடலாம். 1858-க்கு முன் வேல்ஸில் பதிவான உயில்களும், 1919 வரையிலான பழைய செய்தித்தாள்களும் அதே தேசிய நூலகத்தின் தளங்களில் காசில்லாமல் கிடைக்கும். உயிலில் யாருக்கு எந்தப் பசு என்பதுவரை இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். வேல்ஸுக்குள் ஆள் அகப்படவில்லையா, அமெரிக்காவில் ஒஹாயோ பக்கம் பாருங்கள். 1818-இல் கெரெடிகியோனின் கில்கெனின் வட்டாரத்திலிருந்து சில குடும்பங்கள் அங்கே போய்க் குடியேற, பின்னாலேயே ஏராளமானவர்கள் போனார்கள்.

கேள்வி: கல்லறைக் கல்லில் எழுத்து மங்கியிருந்தால் சாக்பீஸ் தடவிப் படிக்கலாமா?

பதில்: கூடாது. கம்பி பிரஷ் அதைவிட மோசம். ஒரு கண்ணாடியைப் பிடித்துப் பக்கவாட்டில் வெயிலை விழச் செய்யுங்கள், எழுத்து நிழலோடு எழுந்து நிற்கும், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 'எர் கோவ் ஆம்' என்று தொடங்கினால் 'நினைவாக' என்று பொருள். 'ஹெவித்' என்று வந்தால் 'மேலும்', அதாவது அதே கல்லில் இன்னொருவர் பெயரும் இருக்கிறது. இந்தப் பதிவு வேலையைப் பெரும்பாலும் குடும்ப வரலாற்றுச் சங்கங்கள் தனியாகச் செய்கின்றன, கவுண்டி வரலாற்றுச் சங்கம் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: கார்டிகன்ஷயர்க்காரர்கள் கஞ்சர்கள் என்று வேல்ஸில் ஜோக் சொல்வார்களாமே, உண்மையா?

பதில்: ஜோக் உண்மை. அவர்களை 'கார்டி' என்பார்கள். ஆனால் மலைநிலத்தை நம்பி வயிறு வளர்க்க முடியாமல் லண்டனுக்குப் போய், கடைக்குப் பின்னால் மாடு கட்டிப் பால் விற்றுப் பிழைத்தவர்கள் காசைப் பார்த்துச் செலவழிக்காமல் என்ன செய்வார்கள்? சரி, வாசகிக்கு ஒரு வார்த்தை: சங்கக் கூட்டத்தில் இந்த ஜோக்கை முதல் நாளே எடுத்துவிடாதீர்கள். அவர்களே ஆரம்பிப்பார்கள், அப்போது சிரித்தால் போதும்.